தலைக்கு மேல் ஒன்பது அடி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டை மாற்றிக் கட்டுவோருக்கோ அவர்கள் ஒரு பழமொழியையும் விட்டுச் செல்லவில்லை. இன்று பேத்தமங்களாவிலும், அதனை அடுத்த தங்கவயலிலும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் நடைபெறுவது இந்த இரண்டாவது காரியமே. பாட்டன் வாங்கிய ஓட்டு வீட்டைப் பேரன் கான்கிரீட் ஆக்குகிறான். மாட்டுக் கொட்டில் மருமகளின் சமையலறையாகிறது. ஒற்றை அறையின் நடுவே பலகை அடித்துப் பரண் போட்டு, ஒரு குடும்பத்திற்கு இருந்த இடத்தில் இரண்டு குடும்பங்கள் வாழத் தலைப்படுகின்றன. இவற்றுள் எதையும் நாம் குறை கூற முன்வரவில்லை. குடும்பம் பெருகும்போது வீடும் பெருகத்தான் வேண்டும். ஆனால் பெருக்கும்போது நீளத்தையும் அகலத்தையும் பலமுறை அளக்கும் நாம், உயரத்தை ஒருமுறையேனும் அளக்கின்றோமா? இதுவே இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இக்கேள்வி நம் மனத்தில் எழக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகின்றோம். பேத்தமங்களாவில் நாம் நன்கு அறிந்த குடும்பம் ஒன்று பழைய நாட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டது. மழைக்கு ஒழுகிய வீடு ஒழுகாமல் நின்றது. புதுமனை புகுவிழாவிற்கு நாமும் சென்று விருந்துண்டு மகிழ்ந்தோம். அடுத்த கோடையில் அவ்வீட்டின் மூத்த அம்மையார் பகலெல்லாம் வாசற்புறத்து வேப்பமரத்தடியிலேயே அமர்ந்திருக்கக் கண்டோம். "உள்ளே இருக்க முடியவில்லை தம்பி, அடுப்புக்குள் தலையைக் கொடுத்தாற்போல் இருக்கிறது" என்றார். அதன்பின் சில நாட்களிலேயே, சட்டையைக் கழற்றுவதற்காகக் கைகளை மேலே தூக்கிய அவர் பேரனின் விரல்களில், சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியின் இறக்கை வெட்டியது. இரண்டு விரல்களுக்குத் தையல் போட நேர்ந்தது.

நாம் சென்று டேப் பிடித்து அளந்தோம். தரையிலிருந்து தளத்தின் அடிப்பாகம் வரை 7 அடியே இருந்தது. விசிறியின் இறக்கை 6 அடி உயரத்தில் சுழன்றது. வீட்டுக்காரர் மிக நேர்மையானவர். "மேஸ்திரியைக் குறை சொல்ல மாட்டேன் அண்ணா. இருந்த சுவரின் மேலேயே போட்டுவிடுங்கள் என்று சொன்னவன் நான்தான். அளக்காமல் விட்டதும் நான்தான்" என்றார். அவர் செலவிட்ட பணம் பல ஆண்டுச் சேமிப்பு. கான்கிரீட் தளத்தை ஓட்டைப்போல் மீண்டும் பிரித்து மாட்ட இயலாது என்பதை யாவரும் அறிவர்.

தாழ்ந்த கூரையின் வழி வந்தவர்கள்

தாழ்ந்த கூரை நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார்ப் பகுதியில் தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம்மவர் கூட்டங் கூட்டமாக இங்கு வந்து சேர்ந்தனர். வந்தவர்களுக்குக் கிடைத்த இருப்பிடம், மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட குடிசை வரிசைகள். அவற்றையே 'லைன்' என்றனர். அந்தப் பெயர் இன்றும் வழங்கி வருகின்றது. அதே தங்கவயலில், மேலதிகாரிகளுக்கென்று கட்டப்பட்ட பங்களாக்களில் உயர்ந்த கூரைகளும், காற்று உலவும் தாழ்வாரங்களும், சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர்களும் அமைந்திருந்தன. வெப்பநாட்டில் உயரமும் காற்றும் உடல்நலத்திற்கு இன்றியமையாதவை என்பது அன்றைய பொறியாளர்களுக்குத் தெரியாத செய்தியன்று. அந்த அறிவு யாருடைய வீட்டில் செலவிடப்பட்டது என்பதே வேறுபாடு.

பேத்தமங்களாவின் கதையும் தங்கவயலின் கதையோடு பின்னிக் கிடக்கின்றது. பாலாற்றின் குறுக்கே அமைந்த நம் ஊர் ஏரியிலிருந்துதான் சுரங்க நகரத்திற்குக் குடிநீர் இறைத்து அனுப்பப்பட்டது. சுரங்கத்திலும், நீரேற்று நிலையத்திலும், அவற்றைச் சுற்றிய கடைத்தொழில்களிலும் பாடுபட்ட குடும்பங்கள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, சொந்தமாக ஓட்டு வீடு கட்டிக்கொண்டன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது, வீடு நின்றது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குச் சென்று, இரவு திரும்பும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்தப் பழைய வீடே இன்றும் ஆதாரம். ஆதலின் அதனை இடித்துப் புதிதாகக் கட்ட வழியின்றி, உள்ளதையே மாற்றிக் கட்டுவது இயல்பாயிற்று. மாற்றும்போது, பாட்டன் குனிந்து நுழைந்த அதே உயரத்தை நாமே பேரனுக்கும் கான்கிரீட்டில் வார்த்துக் கொடுத்துவிடக் கூடாதன்றோ?

சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டில் கட்டடங்களுக்கான பொது இலக்கணமாக விளங்குவது இந்திய தேசியக் கட்டட விதித் தொகுப்பு. இது முதன்முதலில் 1970இல் வெளியிடப்பட்டது. பின்னர் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி அமைக்கப்பட்டது. இத்தொகுப்பு ஒரு முன்மாதிரியே. நகரசபைகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் இதனைத் தழுவி இயற்றிக்கொள்ளும் விதிகளே நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்துவன. எனினும் உயரத்தைப் பொறுத்தவரை அடிப்படை அளவுகளை ஒவ்வொரு குடும்பத் தலைவரும், குறிப்பாகக் குடும்பத் தலைவியும், மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

மக்கள் வாழ்வதற்கும் உறங்குவதற்கும் உரிய அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையலாகாது. இது ஏறத்தாழ 9 அடி. சமையலறைக்கும் இதே அளவுதான். குளிர்சாதனம் பொருத்திய அறைக்கு 2.4 மீட்டர், அதாவது 7 அடி 10 அங்குலத்திற்குச் சற்று மேல், போதும். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் 2.1 மீட்டர், அதாவது சற்றேறக்குறைய 7 அடி. சாமான் அறைக்கு 2.2 மீட்டர். அறையின் குறுக்கே உத்திரம் ஓடினால், அதன் அடியில் நிற்பவர் தலைக்கு 2.4 மீட்டர் இடைவெளி வேண்டும். வருவாய் குறைந்தோருக்கான நகர்ப்புற வீடுகளுக்குச் சிறிது சலுகை உண்டு. அங்கே வாழும் அறை 2.6 மீட்டர், ஏறத்தாழ எட்டரை அடி இருந்தால் போதுமென்று தொகுப்பு ஒப்புகின்றது.

இந்த உயரத்தை எங்கிருந்து எங்கு வரை அளப்பது? இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். அடித்தளக் கல்லிலிருந்து தளத்தின் உச்சி வரை அளப்பதன்று. தரைக்கல் பதித்து முடித்த தரையின் மேற்பரப்பிலிருந்து, கூரையின் அடிப்பாகத்தில் மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் வரை அளப்பதே முறை. இடையில் வரும் ஒவ்வோர் அங்குலமும் நம் தலைக்கு மேலுள்ள காற்றிலிருந்து கழிக்கப்படுவதாகும்.

ஒன்பது அடி எதற்கு?

அதிகாரி ஒருவர் மேசையில் அமர்ந்து விருப்பப்படி எழுதிய எண் இதுவென்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், நெருக்கமான இடங்களில் நோய் பெருகக் கண்ட மேனாட்டு மருத்துவர்கள், ஒருவர் உறங்குவதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிடத் தொடங்கினர். பிரிட்டனில் 1857இல் அமைந்த படைவீரர் நல விசாரணைக் கமிஷன், பாசறையில் ஒரு சிப்பாய்க்கு 600 கன அடி இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கெட்ட காற்றே எல்லா நோய்க்கும் காரணம் என்ற அக்காலக் கொள்கை பின்னர் பொய்யாயிற்று. ஆனால் கூட்டமான, காற்றோட்டமற்ற அறையில் காசநோய் போன்றவை எளிதில் தொற்றும் என்பது இன்றும் மெய்யே.

நம் வீட்டுக் கணக்கைச் சிறிது பார்ப்போம். 10 அடிக்கு 10 அடி அறை. அதில் ஐவர் உறங்குகின்றனர். கூரை 9 அடியாயின் அறையில் 900 கன அடிக் காற்று உண்டு, தலைக்கு 180. கூரை 7 அடியாயின் 700 கன அடி, தலைக்கு 140. பாசறைச் சிப்பாய்க்குக் கேட்கப்பட்ட 600 எங்கே, நம் குழந்தைக்குக் கிடைக்கும் 140 எங்கே! கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டால் 900 கன அடியும் சில மணி நேரத்தில் புழுங்கிவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. உயரம் மட்டும் போதாது; வெளிக்காற்று உள்ளே வந்து போகவும் வேண்டும். அதனால்தான் விதித் தொகுப்பு உயரத்தோடு ஜன்னலையும் சேர்த்துப் பேசுகின்றது. அந்தந்த இடத்துத் தட்பவெப்பத்திற்கேற்பத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை திறப்பு வேண்டும் என்பது நம்போன்ற வெப்பப் பகுதிகளுக்கான அளவு.

இரண்டாவது காரணம் வெப்பம். தங்கவயல் கடல் மட்டத்திற்குச் சுமார் 2,800 அடி உயரத்தில் இருப்பதால் நம் பக்கத்து இரவுகள் குளிர்ந்தவை. ஆனால் ஏப்ரல் மாத நண்பகலில் கான்கிரீட் தளமும் தகரமும் எவ்வாறு கொதிக்கும் என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. சூடேறிய காற்று மேலே எழுந்து கூரையடியில் தங்கும். உயர்ந்த அறையில் அது நம் தலைக்கு மேலே நிற்கும். சுவரின் உச்சியில் வழியிருந்தால் வெளியேறியும் விடும். தாழ்ந்த அறையிலோ அக்காற்றுக்குள்ளேயே நம் தலை இருக்கும். அன்றியும் கொதிக்கும் கூரை, அடுப்பைப் போலத் தன் அனலை நேரே நம்மீது வீசுகின்றது. அடுப்பின் அருகே அமர்வதற்கும் எட்டி அமர்வதற்கும் உள்ள வேறுபாடே, 7 அடிக் கூரைக்கும் 9 அடிக் கூரைக்கும் உள்ள வேறுபாடு.

மூன்றாவது காரணம் மின்விசிறி. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் கையைத் தூக்கினால் விரல்நுனி ஏறத்தாழ 7 அடியை எட்டும். விசிறியின் தண்டும் மோட்டாரும் கூரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் கீழே தொங்கும். விரலுக்கும் இறக்கைக்கும் நடுவே சிறிது இடைவெளியும் வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஒன்பதடிதான் வரும். அந்தச் சிறுவனின் விரல்களில் விழுந்த தையல்கள் நமக்கு உணர்த்தியதும் இந்தக் கணக்கைத்தான்.

ஓடு போய்க் கான்கிரீட் வரும்போது

"எங்கள் பழைய வீட்டிலும் சுவர் 7 அடிதானே, அதில் மூன்று தலைமுறை வாழவில்லையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பழைய ஓட்டு வீட்டில் சுவரின் உயரம் 7 அடியாக இருக்கலாம். ஆனால் முகட்டின் உயரம் 11 அடி இருக்கும். இரண்டிற்கும் சராசரி 9 அடி. சாய்ந்த கூரைக்குச் சராசரி உயரத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதியும் கூறுகின்றது. நம் கொத்தனார்கள் விதி நூலைப் படிக்காமலே அந்த அளவை எட்டியிருந்தனர். மேலும் ஓட்டுக் கூரை மூச்சு விடும் கூரை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சந்துகளின் வழியே சூடான காற்றும் அடுப்புப் புகையும் கசிந்து வெளியேறின. திண்ணைப் பக்கம் இறவாணம் தாழ்ந்திருந்ததால் வெயில் சுவரில் படவில்லை. வாசல் தாழ்ந்திருந்தது, வீடு தாழ்ந்திருக்கவில்லை.

அந்தக் கூரையை எடுத்துவிட்டு அதே சுவரின் மேல் சென்ட்ரிங் அடித்துத் தட்டையாகக் கான்கிரீட் போடும்போது நிகழ்வது யாது? முகடு மறைகின்றது. 7 அடிச் சுவர், 7 அடி அறையாகவே முடிகின்றது. சந்துகளும் அடைபடுகின்றன. நாம் கூரையை மட்டும் மாற்றியதாக எண்ணுகின்றோம். உண்மையில் வீட்டின் காற்றில் ஏறத்தாழ கால் பங்கை இழந்து, எஞ்சியதற்கும் மூடி போட்டுவிடுகின்றோம்.

இதைத் தவிர்க்க வேண்டிய செலவு அவ்வளவு பெரியதா? 10 அடிக்கு 12 அடி அறையின் நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. அதனை 2 அடி உயர்த்தினால் 88 சதுர அடிச் சுவர் கூடுகின்றது. தளம் போடும் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கே. ஆனால் தளம் போடுவதற்கு முன்பு மட்டுமே இது சிறு செலவு. போட்ட பின்பு எச்செலவாலும் ஆகாது.

ஓர் எச்சரிக்கையும் இங்கு அவசியம். நம் பக்கத்துப் பழைய சுவர்களில் பல, மண் சாந்தில் கட்டப்பட்டவை. சுரங்கம் நடைபெற்ற காலத்தில் 'ராக் பர்ஸ்ட்' எனப்பட்ட பாறை வெடிப்புகளால் தங்கவயலில் நிலம் அதிர்ந்ததைப் பெரியோர் நினைவு கூர்வர். அத்தகைய சுவர் ஓட்டின் பாரத்தைத் தாங்கியதனாலேயே கான்கிரீட்டின் பாரத்தையும் தாங்கும் என்று கொள்ளலாகாது. சுவரை உயர்த்துவதற்கும் தளம் போடுவதற்கும் முன்பு தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரிடம் அடித்தளத்தையும் சுவரையும் காட்டி அறிவுரை பெறுவது கட்டாயம். சுவர் தாங்காது என்று அவர் கூறினால், முகட்டை விடாமல் நல்ல ஓட்டுக் கூரையையே மீண்டும் போடுவது தோல்வியன்று.

பரணும் மச்சும்

அடுத்தது, இருக்கும் அறையையே குறுக்கே பிளந்து மாடியாக்கும் வழக்கம். விதித் தொகுப்பு இதில் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டுகின்றது. சாமான் வைக்கும் பரண் ஒன்று. மக்கள் வாழும் இடைமாடி, அதாவது மச்சு, மற்றொன்று. பரணுக்கு மேல் உள்ள இடம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படலாகாது. அது பொருள்களுக்கே உரியது. பரணின் அடியில் 2.2 மீட்டர், அதாவது 7 அடி 2 அங்குலத்திற்குச் சற்று மேல், இருக்க வேண்டும். மக்கள் வாழும் மச்சுக்கும் குறைந்தது 2.2 மீட்டர் உயரம் வேண்டும். ஆக, மேலும் கீழும் 7 அடி 3 அங்குலம், நடுவே பலகைக்கும் விட்டத்திற்கும் அரையடி என்று கூட்டினால் 15 அடி ஆகின்றது. 11 அடி அறையை இரண்டாக்கினால் நமக்குக் கிடைப்பது இரண்டு அறைகளல்ல, இரண்டு பரண்களே.

இடநெருக்கடியை நாம் அறியாதவரல்லோம். மும்பை தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று குடியேறிய நம்மவர் உள்பட எத்தனையோ குடும்பங்கள், ஏணி வைத்து ஏறும் மேல்தட்டில் உறங்கியே பிள்ளைகளை ஆளாக்கியிருக்கின்றன. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் பரணில் ஆட்களைப் படுக்க வைக்கும் வீடுகளில் ஒரு பெருந்தீங்கு மறைந்திருக்கின்றது. சமையலறையும் படுக்கையும் ஒன்றாக உள்ள வீட்டில், அடுப்பின் புகையும் நச்சு வாயுவும் வெப்பத்தோடு மேலே எழுந்து முதலில் சேருவது பரணுக்கே. தை மாதக் குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு கரியடுப்பை உள்ளே வைத்தால், கரி அரைகுறையாக எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்து, எழுந்து கதவைத் திறக்கும் வலிமையும் போய்விடும். கீழே இருப்பவர் நலமாக இருக்கையில் மேலே உறங்குபவர் எழாமலே போகவும் கூடும். ஆகவே பரணில் பானையும் பெட்டியும் இருக்கட்டும், பிள்ளைகள் வேண்டா.

உயரம் களவு போகும் வழிகள்

ஒரேயடியாக இரண்டடியை இழப்பவர்களைவிட, சிறிது சிறிதாக இழப்பவர்களே பலர். தெருவில் சாலை போடும்போதெல்லாம் பழையதன் மேலேயே புதியது போடுவதால் சாலை உயர்கின்றது. மழைநீர் உள்ளே வராதிருக்க நாம் வீட்டுத் தரையை 6 அங்குலம் உயர்த்துகின்றோம். பழைய தரையைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே கலவை போட்டுத் தரைக்கல் பதிக்கின்றோம். 2 அங்குலம் போயிற்று. பிறகு திருமணத்திற்காக வீட்டை அழகுபடுத்தும்போது கூரைக்குக் கீழே 'ஃபால்ஸ் சீலிங்' என்னும் பொய்க் கூரை அமைத்து விளக்குகளைப் பதிக்கின்றோம். 8 அங்குலம் போயிற்று. மொத்தம் 16 அங்குலம். பாட்டன் கட்டிய 9 அடி அறை, யாரும் கூரையைத் தொடாமலே 7 அடி 8 அங்குலமாகிவிட்டது! குளிர்சாதன அறைக்கு விதி வைத்த அளவுக்கும் இது குறைவு.

இதற்கு நேர்மாறாக, உயரம் வேண்டித் தரையைத் தோண்டித் தாழ்த்துவோரும் உண்டு. ஏரிக்கரை ஊராகிய பேத்தமங்களாவில் இது ஆகாது. அடித்தளத்தின் பிடி தளரும். மழைநீரும் ஊற்றுநீரும் உள்ளே தேடிவரும். மாட்டுக் கொட்டிலையோ தாழ்வாரத்தையோ அறையாக்குவோர் தாழ்ந்த பக்கத்தை அளந்துகொள்ளல் வேண்டும். ஒரு பக்கம் 9 அடியும் மறுபக்கம் 5 அடியும் உள்ள சாய்ப்பில், தாழ்ந்த பக்கம் நிமிர்ந்து நிற்க முடியாத இடம். அதை அலமாரிக்கு விட்டுவிட்டு, உயர்ந்த பக்கத்தை மட்டுமே அறை என்று கணக்கிடுவதே அறிவுடைமை.

கடல் கடந்த நிலவறைகள்

இது நம் ஊரின் கவலை மட்டுமன்று. 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையினின்று அடைக்கலம் தேடிக் கனடா சென்ற தமிழர் பலருக்கு டொராண்டோ நகரில் கிடைத்த முதல் இருப்பிடம், 'பேஸ்மெண்ட்' எனப்படும் வீட்டின் நிலவறையே. பனிக்கால வெப்பமூட்டும் உலைக்காகத் தோண்டப்பட்ட அறைகள் குடியிருப்பாயின. ஒண்டாரியோ மாநிலக் கட்டட விதி, பழைய வீட்டில் இவ்வாறு இரண்டாம் குடியிருப்பு அமைக்கும்போது 1.95 மீட்டர், அதாவது 6 அடி 5 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவான உயரம் இருந்தாலும் ஏற்கின்றது. புதிதாகக் கட்டுவோர்க்கு ஓர் அளவும், உள்ளதை மாற்றுவோர்க்குத் தளர்ந்த அளவும் வைத்திருப்பது, பழைய வீட்டின் சங்கடத்தைச் சட்டமும் உணர்ந்திருப்பதற்குச் சான்று. ஆனால் அங்கே உயரத்தைத் தளர்த்தினாலும், தீ விபத்தின்போது தப்பிச் செல்லும் வழியும் புகை அறிவிப்புக் கருவியும் வேண்டும் என்று விதி கேட்கின்றது.

ஜப்பானில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி வாழும் அறைக்கு 2.1 மீட்டர் போதும். இங்கிலாந்தில் 1965ஆம் ஆண்டு விதிகள் 7 அடி 6 அங்குலம் கேட்டன. 1985இல் அந்த எண்ணையே நீக்கிவிட்டனர். ஆயினும் 2015இல் வெளியான புதிய வீடுகளுக்கான இட அளவுத் தரத்தில், தரைப்பரப்பின் முக்கால் பங்கிற்காவது 2.3 மீட்டர் வேண்டும் என்று அது திரும்பி வந்தது. "வெளிநாட்டில் ஏழடி போதுமென்கின்றார்களே, நமக்கு மட்டும் ஏன் ஒன்பது?" என்று கேட்போருக்கு விடை எளிது. கனடா, இங்கிலாந்து போன்றவை வீட்டிற்குள் வெப்பத்தைக் காத்து வைக்கப் பாடுபடும் குளிர்நாடுகள். நாமோ அதனை வெளியே துரத்தப் பாடுபடுபவர்கள்.

இனிச் செய்ய வேண்டுவன

வீட்டை மாற்றக் கருதும் அன்பர்கள், மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாக ஒரு நாள் மாலை குடும்பத்தாருடன் அமர்ந்து, ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலையிலும் நடுவிலும் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதிய தரைக்கும், உத்திரத்திற்கும், பொய்க் கூரைக்கும் போகும் அங்குலங்களைக் கழியுங்கள். மிஞ்சுவது 9 அடிக்குக் குறைந்தால் திட்டத்தை மாற்றுங்கள். பிறகு, ஊராட்சியாயினும் நகரசபையாயினும், வேலை தொடங்குமுன் அனுமதி பெறுங்கள். அதற்கான வரைபடத்தில் வீட்டை நெடுக வெட்டிக் காட்டும் படம் ஒன்று இருக்கும். உயரம் அதில்தான் தெரியும். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். அனுமதியின்றிக் கட்டியது, பின்னர் விற்கவோ கடன் வாங்கவோ முற்படும்போது நம் காலையே சுற்றிக்கொள்ளும்.

முன்பே தாழ்வாகக் கட்டிவிட்டவர்கள் மனம் தளர வேண்டா. தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெண்பூச்சோ அடியுங்கள். அல்லது மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு வெயிலைத் தடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் திறவுங்கள். ஆயினும் உத்திரத்திற்கோ லிண்டலுக்கோ ஊறு வராதபடி, தெரிந்தவரைக் கொண்டே துளையிடுங்கள். தாழ்ந்த அறையில் கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி மாட்டுங்கள். இதைத்தான் நாம் முதலில் கூறிய குடும்பம் செய்தது. பந்தலின் நிழல் வந்த பின் அந்த அம்மையார் மீண்டும் வீட்டிற்குள் மதியம் கண்ணயர்கின்றார். அடுக்களைப் புகை வெளியேற வழி வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அகற்ற நேர்ந்தால் அடித்து உடைக்காமல், நனைத்து முழுதாக இறக்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

லைன் வீடுகளில் இன்றும் குடியிருக்கும் நம் குடும்பங்கள் ஒருவேளை, "உரிமைப் பத்திரமே கேள்வியாக இருக்கையில் எங்களுக்கு விதி எதற்கு?" என்று கேட்கலாம். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் மூச்சு நம்முடையது. மாற்றங்கள் சிறியனவாக இருப்பினும், காற்றுக்கு வழி வைப்பதும், பரணில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதிருப்பதும் எவருடைய அனுமதியையும் எதிர்பார்ப்பவையல்ல.

நம் பாட்டன்மார் பூமிக்கு அடியில் குனிந்து பாறையைக் குடைந்தனர். மேலே வந்து குனிந்து குடிசைக்குள் நுழைந்தனர். அந்த உயரத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இன்று நம் வீட்டின் உயரத்தை நாமே தேர்ந்தெடுக்கின்றோம். சுவரின் மேல் இன்னும் சில வரிசைச் செங்கல் வைக்கும் அந்த ஒரு நாள் வந்து போய்விட்டால், மறுபடி வாராது. ஆதலின் அன்பர்களே, தளம் போடும் நாளுக்கு முந்தின நாளே டேப்பை எடுத்துவிடுங்கள்.